நிறுவனரும் துணைவியாரும்

பிப்ரவரி 11, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அருங்காட்சியகத்தில் உன் கீழ்த்தள அறைச் சுவர் இன்னும் கசிகிறதா? ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

ஒரு சின்ன உதவி. நான் பாடம் நடத்தும் பெண்கள் பள்ளிக்கு இந்த வருடம் நூறு வயதாகிறது. என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் இப்போது தாளாளர். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா தொடங்கிய பள்ளி. ஓர் அறக்கட்டளை நூற்றாண்டு மண்டபம் கட்டித் தருகிறோம் என்கிறது. ஆனால் 1878இல் தொடங்கியதற்கு ஏதாவது சான்று கேட்கிறார்கள். பழைய தாள்களையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. மிச்சம், அலுவலக அறையில் தொங்கும் ஒரே ஒரு போட்டோ. தினம் காலையில் பெண்கள் வரிசையில் நின்று வணக்கம் சொல்வது அதற்குத்தான். நாற்காலியில் நிறுவனர், பக்கத்தில் நின்றபடி அவர் துணைவியார். பின்பக்கம் ‘பள்ளி தொடங்கிய நாளில், 1878’ என்று எழுதியிருக்கிறது.

நேற்று தாளாளர் கூப்பிட்டனுப்பினார். “உங்க அக்கா பழைய போட்டோவைப் பார்த்தே வருஷம் சொல்லிடுவாங்களாமே? ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துடும்மா. நாலு வரி போதும்” என்றார்.

நாலு வரிதான், அக்கா. மேற்கொண்டு ஆராயவெல்லாம் வேண்டாம். படத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மண்டபத்துக்கு இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. பின்கட்டில் இருக்கும் ஒரு பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு அங்கே கட்டுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் சின்னவள்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

முதுகு அதன் இடத்தில்தான் இருக்கிறது. சுவரும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் மூவரும் சுகம் என்று எழுதியதில் சந்தோஷம்.

நாலு வரி சர்ட்டிபிகேட்டா? நான் என்ன, லீவு போட்டவனுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டரா?

வாரத்துக்கு ஒருத்தராவது இந்த அறைக்கு வருகிறார்கள். கையில் ஒரு தாடிக்காரர் படம் இருக்கும். எல்லாத் தாடிக்காரர்களும் அவரவர் கொள்ளுத்தாத்தா. எல்லாக் கொள்ளுத்தாத்தாக்களும் வள்ளல். ‘இவர் சூதாடிச் சொத்தை அழித்தவர், இவருக்கு வருடம் சொல்லுங்கள்’ என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? அந்தக் காலத்துச் சூதாடிகளுக்கு வம்சமே விருத்தியாகவில்லை போலிருக்கிறது. எங்கள் இயக்குநர் வேறு, வருகிறவர்கள் மனம் கோணாமல் பேசும்படி எனக்குச் சுற்றறிக்கை விடுகிறார். அவருக்கு வாட்டர்கலருக்கும் வண்ணான் கணக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

நீ அனுப்பிய பிரதியில் இரண்டு பேய்கள் தெரிகின்றன. மூலத்தை அனுப்பு. சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கம் ஒட்டியிருப்பதை உரிக்காமல் அப்படியே அனுப்பு. பார்க்காமல் ஓர் எழுத்துக்கூட எழுத மாட்டேன் என்று உன் தாளாளரிடம் சொல். சொல்ல மாட்டாய், தெரியும். அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து தலையாட்டுவது ஒன்றுதானே உன் வேலை.

குழந்தைக்குச் சளி விட்டதா?

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது, இப்போது பல் ஒன்று ஆடுகிறது. நீ முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

வீட்டில் எழுதும் தாள் தீர்ந்துபோனதால் பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதுகிறேன். மேலே ஆட்சிக்குழு உறுப்பினர்களின் பெயரும் விலாசமும் வரிசையாக அச்சடித்திருக்கும், கண்டுகொள்ளாதே.

படத்தைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். சுவரிலிருந்து இறக்கும்போது தாளாளரே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். “பாத்து எறக்கும்மா, எங்க வம்சமே உன் கையில இருக்கு” என்றார். இதைப் பார்த்து மார்பளவுச் சிலை ஒன்றும் செய்யக் கொடுத்திருக்கிறார். களிமண்ணில் முதல் வடிவம் வந்துவிட்டது. மூக்கு மட்டும் படத்தில் இருக்கிற மாதிரி இல்லை, தாளாளர் மூக்கு மாதிரி இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாசல் கல்வெட்டில் நிறுவனர் மறைந்தது 1886 என்று இருக்கிறது. இது போதும் இல்லையா? நீ உடனே சட்டைக்கையைப் பார், நாற்காலிக் காலைப் பார் என்று ஆரம்பித்துவிடாதே. இந்த ஊரில் சட்டைக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? எது எழுதினாலும் எனக்கு மட்டும் அனுப்பு. ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டாம். அதில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார். கமா விட்டுப்போனாலும் கேள்வி கேட்பார்.

இரவில் கண் விழிக்காதே.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். பல்லைப் பிடுங்காதே, தானாக விழட்டும்.

உன் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் சிரித்தேன். பக்கத்து அறை நாணயப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் அந்தப் புனித வாசகம். ‘பள்ளி தொடங்கிய நாளில், 1878.’ அட்டையின் மேல் இல்லை, அட்டைக்குப் பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளின் மேல் இருக்கிறது. எழுதியது பால்பாயிண்ட் பேனா. இரண்டு இடத்தில் மை திட்டாக நின்றிருக்கிறது. நம் அப்பா காலேஜில் படிக்கும்போதுகூட அந்தப் பேனா கிடையாது. உங்கள் நிறுவனர் செத்து அறுபது வருடம் கழித்து எழுந்து வந்து எழுதியிருந்தால் ஒழிய இது பொய். யார் கையெழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்ல மாட்டாய்.

பழுப்புத் தாளை நீராவி காட்டி உரித்தேன். உள்ளே ஸ்டுடியோக்காரன் தன் பெருமையைப் பொன் எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறான்: 1893ஆம் வருடப் பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம். பதினைந்து வருடம் கழித்து வாங்கப்போகிற பதக்கத்தை 1878லேயே அட்டையில் போட்டுக்கொண்டான் என்றால், அவன் போட்டோ பிடித்திருக்க வேண்டாம், ஜோசியம் பார்த்திருக்கலாம்.

இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனாலும் சட்டைக்கையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாயே, அதற்காக எழுதுகிறேன். நான் பார்ப்பேன். நிற்கிற அம்மாளின் சட்டைக்கை தோளில் பலூன் மாதிரி உப்பி, முழங்கைக்குக் கீழே ஒட்டிப்பிடித்திருக்கிறது. 1878இல் தோள் இறுக்கமாக இருக்கும். இந்தப் பலூன் 1890களின் நடுவில் வந்து, நாலைந்து வருடத்தில் காற்றுப் போய்விட்டது. அட்டை கனமானது, கரும்பச்சை, விளிம்பைச் சரிவாகச் செதுக்கிப் பொன் பூசியது. 1870களில் இப்படி அட்டை வருவதில்லை. படம் அச்சான தாளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முந்தைய காலத்துத் தாள் முட்டை வெள்ளைக்கரு பூசியது, அடியில் நார் நாராகத் தெரியும். இதில் ஒரு நார்கூட இல்லை. பிற்காலத்துத் தாள்.

1893க்கு முன்னால் எடுத்த படம் இல்லை. உங்கள் நிறுவனர் 1886இல் போய்ச் சேர்ந்தவர். எனவே நாற்காலியில் இருப்பவர் நிறுவனரும் இல்லை. களிமண்ணை வேறு எதற்காவது உபயோகப்படுத்தச் சொல். மூக்கு அப்படியே இருக்கட்டும்.

உன் இரத்த அழுத்தத்தைப் பார்த்தாயா?

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன், சரியாக இருக்கிறது. உனக்கு முதுகு தேவலையா?

உன் கடிதத்தைத் தாளாளரிடம் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது? என் வீட்டுக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். “உங்க அக்காவுக்கு யாரைப் பாத்தாலும் இளக்காரம்தான். கொஞ்சம் பூசி எழுதச் சொல்லேன்” என்றார்.

கொஞ்சம் பூசித்தான் எழுதேன், அக்கா. 1893க்கு முன்னால் இல்லை என்கிறாய், சரி. நிறுவனர் இல்லை என்றும் சொல்லிவிட்டாய். ஆனால் வேறு யார் என்று கேட்டால் உன்னாலும் சொல்ல முடியாதே! மார்பில் பதக்கம் பதக்கமாகத் தொங்குகிறது, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். யாரென்றே தெரியாத ஒருவர் எங்கள் நிறுவனராக இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? செத்துப்போன ஒரு முகத்துக்குப் பேர் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் யாராலும் முடியாது என்று தாளாளர் சொல்கிறார். உன்னாலும்தான்.

அடிக்கல் நாட்ட ஆகஸ்டில் தேதி வைத்திருக்கிறார்கள்.

வெயிலில் அலையாதே.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

முதுகு தேவலை. பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். உன் தாளாளருக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் படத்தின் கீழ்விளிம்பை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். பொன் பூச்சு மூன்று பக்கம் இருக்கிறது, கீழே இல்லை. கீழே என்ன இருந்தது? பெயர்தான் இருக்க வேண்டும். விற்பனைக்காக அச்சடித்த படங்களில் அப்படித்தான் போடுவார்கள். அந்தக் காலத்தில் புகழ்பெற்றவர்களின் படங்களைக் கடையில் வாங்கி ஆல்பத்தில் சேர்த்துவைப்பது ஒரு பைத்தியம். அதனால் எங்கள் கிடங்கில் யாரும் திறக்காத பெட்டிகளாகப் பார்த்துத் திறந்தேன். தும்மித் தும்மி மூக்கு புண்ணானதுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில், நாடகக் கம்பெனிப் பெட்டியில் அதே படம். அதே நாற்காலி. அதே பதக்கம். கீழ்விளிம்பு முழுசாக.

உங்கள் நிறுவனர் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட ஒரு கம்பெனியின் ராஜபார்ட். பதக்கங்கள் தகரம்.

துணைவியார்? அவரும் அதே கம்பெனிதான். பெண் வேஷத்தில் பேர்போன நடிகர். பூதக்கண்ணாடியில் தொண்டையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்; இப்போது பேரும் கிடைத்துவிட்டது. இந்த விவகாரத்திலேயே தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். இத்தனை வருடம் ஒரு பெண்கள் பள்ளி முழுவதையும் நம்பவைத்திருக்கிறாரே! தினம் காலையில் உங்கள் பெண்கள் வரிசையில் நின்று வணக்கம் சொல்வது ராஜாவுக்கும் ராணிக்கும்தான். நாடகத்து ராஜா, நாடகத்து ராணி.

அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. உனக்கு அனுப்பினால் அடுப்பில் போட்டுவிட்டு ‘தபாலில் தொலைந்துவிட்டது’ என்று எழுதுவாய். எனவே உன் லெட்டர்ஹெட்டில் இருந்த எல்லா விலாசத்துக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பிவிட்டேன். அறக்கட்டளைக்கும் ஒன்று. மூலப் படத்தைப் பதிவுத் தபாலில் தாளாளருக்கே அனுப்பியிருக்கிறேன். என் பெயரைக் கெடுத்துவிட்டாயே என்று அழாதே. அந்த வீட்டில் உனக்குப் பெயர் என்று ஒன்று எப்போது இருந்தது?

குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளா?

அக்கா


ஜூலை 20

சின்னவளுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் எழுதித் திட்டு. நான் ஒன்றும் உருகிவிட மாட்டேன்.

நீதிபதி நன்றி தெரிவித்து எழுதியிருந்தார். இரண்டு கேள்வி கேட்டிருந்தார், இரண்டும் நல்ல கேள்வி. அந்தக் கூட்டத்தில் ஒரு தலையாவது கழுத்துக்கு மேல் இருக்கிறதே.

உனக்கு ஒன்றும் இல்லையே? குழந்தைக்கு?

மழை ஆரம்பித்துவிட்டது. சுவர் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குழந்தைக்குப் புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. உன் தும்மல் நின்றதா?

ஜூலை கடைசியில் ஆட்சிக்குழு கூடியது. குறிப்பெடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் ஒன்பது பக்கத்தையும் உரக்கப் படித்தார். பால்பாயிண்ட் வந்த இடத்தில் நிறுத்தினார்.

“ஏன் சார், உங்க கொள்ளுத்தாத்தாகிட்ட பால்பாயிண்ட் பேனா இருந்துச்சா?”

தாளாளர், “எங்கப்பா எழுதியிருப்பாரு” என்றார்.

“உங்கப்பா தவறினது எப்போ?”

“முப்பத்தஞ்சில.”

“அப்போ அவர்கிட்டயும் இருந்திருக்காதே சார்” என்றுவிட்டு மேலே படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் லேடி டாக்டர், “ஒரு நிமிஷம், அப்போ அந்தம்மா ஆம்பளையா?” என்று கேட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் சிரிப்பது உள்ளே கேட்டது. அறக்கட்டளைச் செயலாளர் ஃபைலை மூடினார். “நூறு வருஷம் நிச்சயமா ஆனதும் சொல்லுங்க, வர்றோம்” என்று எழுந்துவிட்டார்.

மண்டபம் இல்லை. விழா இல்லை. சிலைக்காரர் சிலையை எடுத்துப் போகச் சொல்கிறார், யாரும் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவள்


ஆகஸ்ட் 16

சின்னவளுக்கு,

தும்மல் நின்றுவிட்டது.

பேசுவதில்லையா? ஒரு நாடகக்காரர் படத்துக்காகக் கட்டிய பெண்டாட்டியோடு பேசாத ஆம்பிளையை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு இங்கே வா. அறை சின்னதுதான், ஆனால் நேராக நின்று பேசலாம்.

கல்யாணத்தின்போதே சொன்னேன், உனக்கு முதுகெலும்பு கிடையாது, அந்த வீடு உன்னை மிதித்துவிடும் என்று. இப்போது பார். நான் ஒன்பது பக்கம் எழுத வேண்டியிருந்தது. நீ உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த அறையில் உன் வாயிலிருந்து வந்ததா?

பதில் போடு. ரயில் நேரம் பார்த்து வைக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். ரயில் நேரம் பார்க்க வேண்டாம். அவர் பேச ஆரம்பித்துவிட்டார். என்மேல் கோபத்தில் அவர் பேசாமல் இருக்கவில்லை. அண்ணனைக் கண்ணுக்கு நேரே பார்க்க வெட்கப்பட்டு யாரோடும் பேசாமல் இருந்தார். இந்த வீட்டில் எல்லோருக்கும் என்மேல் பரிதாபம்தான். ‘இப்படி ஒரு ராட்சசி அக்காவாக வாய்த்திருக்கிறாளே’ என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

ஒரு பழைய கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். எந்தக் கட்டிடம் என்று நீ கேட்கவில்லை. என் வேதியியல் பரிசோதனைக்கூடம், அக்கா. பத்து வருடமாக நான் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயாகச் சேர்த்த அறை. அதை இடித்துவிட்டு, புத்தகத்துப் படங்களைப் பார்த்தே பாடம் நடத்தலாம் என்றார்கள். நாலு தடவை போய்க் கேட்டேன். “பொண்ணுங்க என்ன குண்டா செய்யப் போறாங்க? விடும்மா” என்றார் தாளாளர்.

அது பால்பாயிண்ட் என்று எனக்குத் தெரியாதா? மையைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். அந்தப் பேனாவும் என் மேசையிலிருந்து தாளாளர் எடுத்துக்கொண்டு போனதுதான். ஆனால் நான் சொன்னால், வீட்டுக்கு வந்தவள் வாயாடுகிறாள் என்று முடிந்துபோகும். அருங்காட்சியகம் சொன்னால்தான் நிற்கும்.

உன்னிடம் ‘இந்தப் பொய்யை உடைத்துக் கொடு’ என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? உன் குடும்பச் சண்டையில் என்னை இழுக்காதே, உனக்கு எதிர்த்துப் பேச வக்கில்லையா என்று நாலு பக்கம் திட்டிவிட்டுப் பெட்டியை மூடியிருப்பாய். அதனால் பொய்யை நிலைநாட்டிக் கொடு என்று கேட்டேன். சட்டைக்கையைப் பார்க்காதே என்றேன், பார்த்தாய். உன்னால் பேர் கண்டுபிடிக்க முடியாது என்றேன், கண்டுபிடித்தாய். குழுவுக்கு அனுப்பாதே என்று குழுவின் விலாசம் அச்சடித்த தாளிலேயே எழுதினேன். அந்த அறையில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததா என்று கேட்டாயே? ஒன்பது பக்கம் வந்தது.

இதை நான் எங்கே கற்றேன் தெரியுமா? பட்டம் வாங்கிய கையோடு எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. போகட்டுமா என்று உன்னைக் கேட்டேன். ‘போ’ என்ற ஒரு சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது. உனக்கு அதற்கான மூளையும் இல்லை, முதுகெலும்பும் இல்லை என்று பத்துப் பக்கம் எழுதினாய். அப்போது எனக்கு உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ‘போகவில்லை, பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் நீயே கையைப் பிடித்து ரயிலேற்றியிருப்பாய்.

தாளாளர் எறியச் சொன்ன படத்தைப் பரிசோதனைக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன், இரண்டு நடிகர்களின் பெயரோடு.

சின்னவள்


நவம்பர் 26

சின்னவளுக்கு,

உன் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். லெட்டர்ஹெட் இருந்த கடிதத்தை மூன்று முறை. அடி திருட்டுக் கழுதை.

நூறு வருடத்துக்கு முந்தைய கள்ளத்தனத்தையெல்லாம் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பத்துப் பக்கத்தைப் பற்றி எழுதுவதற்காகப் பல தடவை உட்கார்ந்தேன். தாள்தான் வீணானது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், முதுகு இல்லை.

டிசம்பர் கடைசியில் எனக்கு லீவு இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கூடத்தைப் பார்க்க வேண்டும். வா என்று நீ எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. எழுதாததை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துப் படிப்பது என்று பார்த்துப் பார்த்து விட்டுவிட்டேன். எனவே கேட்கிறேன்.

வரலாமா?

குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்றும் எழுது. எனக்குத் தெரியாது.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வா.

அவளுக்குப் பூதக்கண்ணாடி பிடிக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா. உன் வாயில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வா. முழுவதையும் வேண்டாம், தாளாளர் ஊரில்தான் இருக்கிறார்.

சின்னவள்